ஓட்டம் குறைந்தால் ஒதுக்கலாமா?



பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால், அது கல்வியின் சிறப்பைப் பற்றியோ ஒழுக்கத்தின் மேன்மையைப் பற்றியோ இருக்கும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருளோ கால்களைப் பற்றியது. நேற்றுவரை காற்பந்துக் குழுவிலேயே மிக விரைவாக ஓடிய பிள்ளை, ஓர் ஆண்டுக்குள் எல்லாருக்கும் பின்னால் விழுந்துவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அப்பிள்ளைக்கு என்ன நேர்ந்தது, அவனிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம், இழந்த வேகம் திரும்புமா என்பனவே என் பொருள். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவோர், நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் என்பது எத்தகைய செல்வம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கூலிம் வட்டாரத்தில் லூனாஸ், பாடாங் செராய், காராங்கான், மஹாங் என எத்திசையில் சென்றாலும், ஒரு காலத்தில் தோட்டந்தோறும் ஒரு திடல் இருந்தது. லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே, மாடுகள் மேய்ந்த மிச்சப் புல்லில், பிற்பகல் நான்கு மணிக்குமேல் பந்து உருளத் தொடங்கிவிடும். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின் பெற்றோர் பலர் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். பல குடும்பங்கள் லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆயினும் பந்தைக் கண்டால் ஓடும் பழக்கம் மட்டும் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை.

நம் பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும்போது மலாய்மொழி வகுப்பறையில் அமர்கிறான். புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்துச் செல்வோரும் உண்டு. முதல் சில மாதங்கள் வாய் திறந்து பேசவே கூசுகிறான். அந்நிலையில் அவனுக்காகப் பேசுவன அவனுடைய கால்களே. வலப்புறத்தில் பந்தை வாங்கி ஒரே பாய்ச்சலில் இருவரைக் கடந்துவிட்டால், அன்று மாலையே அவனுக்கு நண்பர்கள் கிடைத்துவிடுவர். மொழி பின்னால் வந்து சேரும். அந்த வேகம் பதினான்காம் வயதில் திடீரெனக் குறைந்தால், அவன் இழப்பது குழுவில் ஓர் இடத்தை மட்டும் அன்று. புதிய பள்ளியில் அவனுக்கிருந்த மதிப்பும் நட்பும் உடன் போகின்றன. இதனை அறியாத பெரியவர்கள், "இவன் சோம்பேறியாகிவிட்டான்", "கைப்பேசியைப் பிடித்துக் கெட்டுவிட்டான்", "கொழுப்பு ஏறிவிட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்புகளுள் பெரும்பாலானவை தவறு என்பதே என் கருத்து.

முதலில் வளர்ச்சியைப் பார்ப்போம். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதை ஒட்டி மிக விரைவாக உயர்கின்றனர். அந்த உச்ச ஆண்டில் 9 அல்லது 10 சென்டிமீட்டர் உயர்வது வழக்கம். உடலின் எல்லாப் பகுதிகளும் ஒருசேர வளர்வதில்லை. கால்கள் முந்திக்கொள்கின்றன; நடுவுடல் பின்னால் வருகிறது. தசைக்கு முழு வலிமை ஏறுவதற்கு மேலும் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட, தேவைப்படுகிறது. இவ்விடைவெளியில் பிள்ளையின் நிலை, அப்பாவின் மிதிவண்டியை ஓட்டும் சிறுவனின் நிலையைப் போன்றது. வண்டி பெரிது, மிதிக்கும் வலு பழையது. கால் எங்கே ஊன்றப்படுகிறது என்பதே சில வேளைகளில் பிடிபடுவதில்லை. தடுமாறுகிறான், தாமதமாகத் திரும்புகிறான், பந்து காலை விட்டு விலகுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு நேர்வதில்லை. நேர்பவர்களுக்கும் அது கடந்துபோகும் பருவமேயன்றி நிலையான குறையன்று.

பெண் பிள்ளைகளுக்கு இந்த விரைவு வளர்ச்சி ஏறத்தாழ ஈராண்டு முன்னதாகவே, 11 அல்லது 12 வயதில், அதாவது நம் பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. நான்காம் ஆண்டில் பையன்களைத் தோற்கடித்த பெண், ஆறாம் ஆண்டில் ஓடக் கூசுகிறாள். அவளுக்கு ஓட்டம் குறைந்தது என்பதைவிட, "இனி என்னடி ஓட்டம்?" என்று வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. இதனைத் தாய்மார்கள் கவனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

வேகம் குறையாமலேயே குறைந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. பன்னிரண்டு வயதில் சிலர் முன்கூட்டியே பருவமடைந்து உயரமும் வலுவும் பெற்றிருப்பர். சனவரியில் பிறந்த பிள்ளையும் திசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயதுப் பிரிவில் ஓடுகின்றனர்; இருவருக்குமிடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கிறது. முந்தி வளர்ந்தவன் பதக்கங்களை அள்ளுகிறான். மூன்று ஆண்டுகளில் மற்றவர்கள் வளர்ந்து அவனை எட்டிப் பிடிக்கின்றனர். அவன் கடிகாரத்தில் மெதுவாகவில்லை; பக்கத்தில் ஓடுபவன் விரைவாகிவிட்டான். நேரத்தை அளந்து பாராமல், முந்தினானா பிந்தினானா என்று மட்டும் பார்க்கும் நம் கண்ணுக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. பன்னிரண்டு வயதில் பின்தங்கியவனைத் தகுதியற்றவன் என்று ஒதுக்குவதும் இதே பிழையின் மறுபக்கமாகும்.

நம் நாட்டு விரைவோட்ட வீரர்களுள் தலைசிறந்தவரான டாக்டர் எம். ஜெகதீசன் அவர்களின் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 16. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 × 100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். எனினும் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தது 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான். அப்போது அவருக்கு 25 வயது நிறையச் சில நாள்களே இருந்தன. மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்திருப்பதால் அங்குக் காற்று மெலிந்திருக்கும் என்பதும், அது விரைவோட்டக்காரருக்குத் துணை செய்யும் என்பதும் உண்மையே. ஆயினும் அச்சாதனையை முறியடிக்க நம் நாட்டவர் ஒருவருக்கு 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள் தேவைப்பட்டன. கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடினார். ஜெகதீசன் அவர்கள் மருத்துவக் கல்வியையும் ஓட்டத்தையும் ஒருங்கே நடத்தியவர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்க. பதினாறு வயதில் ஒலிம்பிக் சென்றவருக்கே உச்ச வேகம் வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. அப்படியிருக்க, படிவம் இரண்டில் பயிலும் பையனைப் பார்த்து "உன் கதை முடிந்துவிட்டது" என்று கூறுவது எந்த வகையில் நியாயம்?

நிற்க. வளர்ச்சியால் நேரும் குறைவை இயற்கையே சரிசெய்துவிடும். நாம் செய்துவைக்கும் குறைவோ அவ்வாறு எளிதில் தீர்வதில்லை. நம் திடல்களில் வேகத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று தவறான பயிற்சி. மற்றொன்று ஆறாத காயம்.

எங்கும் நடைபெறும் பயிற்சி எப்படியிருக்கிறது? பிள்ளைகள் வந்தவுடன், "திடலைப் பத்துச் சுற்று ஓடு" என்ற ஆணை பிறக்கிறது. தாமதமாக வந்தவனுக்கு மேலும் ஐந்து சுற்று. தோற்றால் மறுநாள் பதினைந்து சுற்று. இவ்வாறு ஓடுவது மூச்சு வலிமையைப் பெருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் காற்பந்தில் ஆட்டத்தை மாற்றும் பாய்ச்சல் பெரும்பாலும் 20 மீட்டருக்குள், இரண்டு முதல் நான்கு விநாடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பாய்ச்சலுக்குத் தேவையான ஆற்றல் தசைக்குள் ஒரு சிறு சேமிப்பாக இருக்கிறது. சில விநாடிகளில் செலவழிந்துபோகும் அச்சேமிப்பு மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகின்றன. களைத்த காலோடு எத்தனை முறை ஓடினாலும் பிள்ளை மெதுவாக ஓடுவதற்கே பழகிக்கொள்கிறான். விரைவாக ஓடக் கற்க வேண்டுமாயின், களைப்பில்லாத காலோடு, முழு விசையில், குறைந்த தூரம் ஓடி, நிறைய ஓய்வெடுத்தல் வேண்டும். "ஓய்வெடு" என்று சொல்லும் பயிற்றுநரைப் பார்த்தால் நம்மவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்பது பலர் முடிவு.

இந்த உண்மையைப் பால்வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாத்தா பாட்டிமார் இம்மலரைப் படிக்கக் கேட்பார்களாயின் அவர்களே பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக்கூறுவர். நல்ல பால் தரும் மரமாயிற்றே என்று அதனை நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுவதே பெரும்பான்மை வழக்கமாயிருந்தது. அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரத்தின் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். அப்போது கத்தியை இன்னும் ஆழமாக இறக்குபவன் நல்ல வெட்டுக்காரன் அல்லன். மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். இளங்கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அடிமரம் 45 முதல் 50 சென்டிமீட்டர்ச் சுற்றளவை எட்டும்வரை கத்தி வைக்கமாட்டார்கள். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருப்பார்கள். மரத்தைக் காயப்படுத்தினால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதற்காக மண்டோர் வந்து வெட்டைச் சோதித்துப் பார்ப்பார். மரத்துக்குக் காட்டிய இப்பொறுமையைப் பிள்ளைகளின் காலுக்குக் காட்ட நமக்கு மனம் வரவில்லை.

திறமையான பிள்ளையைத்தான் நாம் அதிகமாக வெட்டுகிறோம். பள்ளியில் ஒருவன் விரைவாக ஓடுகிறான் என்று தெரிந்துவிட்டால் 100 மீட்டருக்கு அவன், 200 மீட்டருக்கு அவன், தொடர் ஓட்டத்தில் கடைசி ஓட்டக்காரன் அவன், நீளம் தாண்டுதலுக்கும் அவன், அடுத்த வாரக் காற்பந்துப் போட்டியில் முன்னணி ஆட்டக்காரனும் அவனே. விடுமுறை நாளில் ஓய்ந்திருக்கலாமென்றால் சித்தப்பா தம் குழுவில் ஆள் குறைகிறது என்று அழைத்துப் போய்விடுகிறார். பள்ளிக்குக் கேடயம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அலுவலக அறையில் கேடயங்களுக்கென்று கண்ணாடி அலமாரி வைத்திருப்பவன் நானும்தான். ஆனால் அந்த அலமாரி நிரம்புவதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கால் விலையாகக் கூடாது.

காயத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் நன்று. வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில் வலி வருவதுண்டு. தொடையின் முன்தசை நார் இன்னும் முற்றாத எலும்பை அவ்விடத்தில் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது அது. பாஸ்டனில் ஆஸ்குட் என்பவரும் சூரிக்கில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே 1903-இல் இதனை விளக்கியமையால் இருவர் பெயராலும் இந்நோய் வழங்குகிறது. குதிகாலிலும் இதுபோன்ற வலி வரும். இரண்டும் பெரும்பாலும் வளர்ச்சி முற்றுப்பெற்றதும் அடங்கிவிடும். ஆனால் அதுவரை ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வலியோடு ஓடும் பிள்ளை தன்னை அறியாமலே அந்தக் காலைக் காத்துக்கொண்டு ஓடுகிறான். அதுதான் நம் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரிகிறது.

இவற்றினும் கொடியது பின்தொடைத் தசை கிழிதல். முழு விசையில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகும் தறுவாயில், பின்தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. அக்கணத்தில்தான் பெரும்பாலும் அது கிழிகிறது. யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோல் இருந்தது என்று அடிபட்டவர்கள் கூறுவர். நம் வீடுகளில் உடனே தைலம் வரும். பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ சுளுக்கு என்று சொல்லி அழுத்தி உருவிவிடுவர். அன்பினால் செய்வதுதான், ஆயினும் புதிதாகக் கிழிந்த தசையை முதல் இரண்டு மூன்று நாள்கள் அழுத்தி உருவுவது உள்ளே கசியும் இரத்தத்தை அதிகமாக்கும். சிறிய கிழிசல் ஆற ஒன்று முதல் மூன்று வாரங்களும் பெரியது ஆற மாதங்களும் ஆகும். நடக்கும்போது வலியில்லை என்பதற்காக விளையாடவும் தகுதி வந்துவிட்டது என்று பொருளன்று. ஒருமுறை கிழிந்த தசையே மீண்டும் கிழிவதற்கு மிகுந்த வாய்ப்புடையது. அதிலும் திரும்பி வந்த முதல் சில வாரங்களே ஆபத்தானவை.

இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 18 வயதில், 1998 உலகக் கிண்ணப் போட்டியில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பாய்ந்தோடி அடித்த கோலை இன்றும் இணையத்தில் காணலாம். மறு ஆண்டு ஏப்ரலில் லீட்ஸ் நகரில் ஆடும்போது அவருடைய பின்தொடைத் தசை கிழிந்தது. 2001-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார் என்பது உண்மையே. எனினும் அந்தக் காயத்துக்குப்பின் பழைய வேகம் தமக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 17 வயது முதலே பெரியவர்களோடு இடைவிடாமல் ஆடியவர் அவர். பிரேசில் நாட்டு ரொனால்டோவின் கதை வேறுவிதம். 1999 நவம்பரில் முழங்கால் நார் கிழிந்தது. 2000 ஏப்ரலில் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே, களமிறங்கிய சில நிமிடங்களில் அதே முழங்கால் மீண்டும் கிழிந்தது. அதன்பின் ஓராண்டுக்கும் மேலாகப் பொறுத்திருந்து 2002 உலகக் கிண்ணத்தில் ஆடி, 8 கோல்கள் அடித்தார். யோகோஹாமாவில் நடந்த இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவையே. உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் சூழ இருந்தும் இரண்டாம் முறை கிழிந்தது என்பதையும், பொறுத்திருந்தபின் திரும்பினார் என்பதையும் நான் ஒருசேர எடுத்துக்காட்டுகிறேன்.

இப்பெருவீரர்கள் நமக்குத் தொலைவில் இருப்பவர்கள். நம் பள்ளியிலேயே பயின்ற ஒரு மாணவனைப் பற்றிக் கூறுகிறேன், பெயர் வேண்டா. ஆறாம் ஆண்டில் மாவட்ட நிலைவரை சென்றவன். இடைநிலைப்பள்ளியில் முதலாண்டு இடம் பிடித்தான். அடுத்த ஆண்டு உயர்ந்தான், ஓட்டம் தளர்ந்தது. பயிற்சியில் பின்தங்கியதற்குத் தண்டனையாகச் சுற்றுகள் கூடின. ஒரு நாள் அப்படி ஓடிக் களைத்தபின் நடந்த ஆட்டத்தில் பின்தொடை கிழிந்தது. பத்து நாளில் அவனை மீண்டும் இறக்கினர், மறுபடியும் கிழிந்தது. "நடிக்கிறான்" என்றனர். அவன் காற்பந்தை விட்டான். அத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்கினான். அவனுடைய தாயார் அழுதுகொண்டே என் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் செய்தி எனக்குத் தெரிந்தது. மகன் படிப்பைப் பற்றித்தான் அவர் பேசினார். காலைப் பற்றிப் பேசவேயில்லை.

அவனை மாலையில் நம் திடலுக்கு வரச் சொன்னேன். மருத்துவமனையில் காட்டி, ஓடத் தடையில்லை என்று உறுதி செய்துகொண்டபின், இளம் ஆசிரியர் ஒருவர் அவனைப் பார்த்துக்கொண்டார். முதலில் சில வாரங்கள் பந்தே இல்லை. நடை, மெல்லோட்டம், பின்னர் அரை விசையில் ஓட்டம், வலியில்லையென்றால் முக்கால் விசை. இடையிடையே பின்தொடையை வலுப்படுத்தும் ஒரு பயிற்சி: முழந்தாளிட்டு நிற்க வேண்டும், கணுக்கால்களை மற்றொருவர் அழுத்திப் பிடித்துக்கொள்வார், உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, தாங்க இயலாத நிலையில் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு வழிபாடு போலிருக்கும். செய்து பார்த்தால்தான் கடுமை தெரியும். 2011-இல் டென்மார்க்கில் 50 காற்பந்துக் குழுக்களை வைத்து நடத்திய ஆய்வில், இப்பயிற்சியைச் செய்தவர்களுக்குப் பின்தொடைக் காயம் பாதிக்கும் மேல் குறைந்தது. முன்பே கிழிந்தவர்களுக்கு நன்மை இன்னும் அதிகம். பொருட்செலவு எதுவும் இல்லை. நண்பன் ஒருவனும் கொஞ்சம் புல்லும் போதும்.

பின்னர் வாரம் இரு நாள், பந்துப் பயிற்சிக்கு முன்பாகவே, 20 மீட்டர் ஓட்டம் ஐந்தாறு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. கோயிலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி ஓடுவதும் உண்டு. மேட்டில் ஓடும்போது கால் முழுவீச்சில் நீள்வதில்லை. ஆகவே பின்தொடைக்கு இழுப்புக் குறைவு, தள்ளும் வலுவோ கூடும். அப்பையன் முதலில் இதனை நம்பவில்லை. "சார், இவ்வளவுதானா?" என்று கேட்டான். சுற்று ஓடாவிட்டால் பயிற்சியாகாது என்று அவனுக்கும் கற்பித்திருந்தார்கள். நேரத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதிக் காட்டிய பின்னரே நம்பினான். முந்தைய வாரத்தைவிடக் குறைந்த நாள்களும் இருந்தன; அன்றெல்லாம் முகம் வாடிவிடும். ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இன்று அவன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டே ஞாயிறுதோறும் ஆடுகிறான். மாநிலக் குழுவுக்கெல்லாம் போகவில்லை. அவனுடைய 20 மீட்டர் நேரம் காயத்துக்கு முன்பிருந்ததைவிடச் சிறிது நன்றாகவே இருக்கிறது. ஐந்தாம் படிவத் தேர்வையும் எழுதி முடித்தான்.

உணவும் உறக்கமும் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. காலையில் வெறும் தேநீரோடு வரும் பிள்ளை மாலையில் பாய்ந்தோட மாட்டான். இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோர் வீட்டில் பிள்ளை எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. எப்போதும் களைப்பாகவும் முகம் வெளிறியும் இருந்தால் இரத்தச்சோகை உண்டா என்று கிளினிக்கில் சோதித்துப் பார்த்தல் நலம்.

"அந்தக் காலத்தில் நாங்கள் வெறுங்காலோடு ஓடினோம்; எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓடியது உண்மை. நானும் அவர்களோடு ஓடியவன். அன்று திடலில் யாரும் மணியடித்துச் சுற்று ஓடச் சொல்லவில்லை. விரும்பியபோது பாய்ந்தோம், களைத்தபோது வரப்பில் உட்கார்ந்து கதை பேசினோம். இன்று அறிவியல் கூறும் ஓய்வை அறியாமலே எடுத்துக்கொண்டிருந்தோம். காலில் அடிபட்டுப் பதினைந்து வயதோடு ஆட்டத்தை மறந்துபோன எத்தனையோ நண்பர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

தொடக்கப்பள்ளி விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பதும் உண்டு. கிழிந்த தசை இடைநிலைப்பள்ளியில் கிழிகிறது என்றாலும், வலியை மறைக்கும் பழக்கம் நம்மிடத்தில்தான் தொடங்குகிறது. "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று நாம் இங்கே கேட்கிறோம்; அவன் அங்கே போய் மறைக்கிறான்.

ஆகவே இவ்வாண்டு முதல் நம் பள்ளியில் சில மாற்றங்களைச் செய்துள்ளோம். திடலைச் சுற்றி ஓடுவது இனி தண்டனையாக எவருக்கும் வழங்கப்படாது. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு மாணவருக்கு இரண்டு ஓட்டப் போட்டிகளும் ஒரு தொடர் ஓட்டமும் மட்டுமே. எஞ்சிய இடங்கள் மற்றவர்களுக்கு. நான்காம் ஆண்டு முதல் ஒவ்வொரு பிள்ளையின் உயரமும் 20 மீட்டர் நேரமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கப்படும். ஆறாம் ஆண்டு முடிந்து செல்லும்போது அந்தக் குறிப்பட்டை பெற்றோரிடமே கொடுக்கப்படும். இடைநிலைப்பள்ளிப் பயிற்றுநரிடம் அதனைக் காட்டுங்கள். பிள்ளை உயர்ந்ததால் தளர்ந்தானா, உயராமலே தளர்ந்தானா என்பதை அவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. பிள்ளை மாடிப்படியில் ஏறும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி ஏறினாலோ, காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்றத் தயங்கினாலோ, வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். போட்டிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருக்கிறது என்றாலும் எழுதுங்கள்.